என்னைக் கேட்காமல் மாட்டிய புஷ்

ஏப்ரல் 21, செவ்வாய்

அக்காவின் முட்டி ஆபரேஷனுக்காகக் கிளீவ்லாண்ட் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு இன்று மதியம்தான் வீடு வந்தேன். பையைக் கூடப் பிரிக்கவில்லை. சனிக்கிழமை கிளப்பில் சுட வேண்டுமே என்று துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தேன். முனையில் இருக்கும் புஷ்ஷைத் திருப்பினேன், அசையவில்லை. குழலின் நுனியைச் சுற்றிப் பிடித்திருக்கிற சின்ன வளையம்தான் அது. என் துப்பாக்கியில் இரண்டு விரல் வைத்துத் திருப்பினால் ஊறுகாய் ஜாடி மூடி மாதிரிக் கழன்று வரும். இன்று என் நகம்தான் உடைந்தது.

வெண்டெல் கதவில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"விரலால எல்லாம் இனிமே முடியாது. ஸ்பேனர் வேணும்," என்றான். "கல்யாண நாள் பரிசு! புது புஷ் வரவழைச்சு நானே தேய்ச்சு மாட்டினேன். உன் பழசு லொடலொடன்னு கிடந்துச்சு. இப்ப குழல் இம்மி ஆடாது. வச்ச குறி வச்ச இடத்துல போய் விழும்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டுட்டுச் செஞ்சா அது என்ன பரிசு? முதல்ல தேங்க்ஸ் சொல்லு."

சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. என் துப்பாக்கி அது. கறிக்கடையில் இரண்டு குளிர்காலம் ஓவர்டைம் நின்று வாங்கியது. அவன் வண்டியில் சீட்டை ஒரு விரல் முன்னால் தள்ளினாலே ஒரு வாரம் முணுமுணுப்பான். அவன் என் துப்பாக்கியைப் பிரித்துத் தேய்ப்பானாம், நான் தேங்க்ஸ் சொல்வேனாம். சொல்லித் தொலைத்தேனே!

பழைய புஷ் எங்கே என்று கேட்டதற்கு, பட்டறை அலமாரியில் ஸ்க்ரூ போடுகிற காபி டின்னில் போட்டிருக்கிறானாம். குப்பையில் போடாமல் விட்டானே, அதுவரை சரி.

ஏப்ரல் 25, சனி

மானம் போயிற்று.

ஒற்றைக் கையால் சுடுகிற போட்டி இது. மெதுவாகச் சுடுகிற சுற்றில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. இருபது வினாடியில் ஐந்து, மறுபடி ஐந்து என்று ஒரே அட்டையில் பத்து சுட வேண்டிய சுற்று வந்தது. மூன்றாவது தோட்டாவில் மேல் பாகம் முழுசாக மூடாமல் நின்றுவிட்டது. நகக்கனம் இடைவெளிதான், ஆனால் விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. இடது கையைத் தூக்கினேன். தூக்கினால் மறுபடி ஐந்து சுட விடுவார்கள். சும்மா விட மாட்டார்கள், பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்து அதில் மட்டமான பத்தைத்தான் எண்ணுவார்கள். கையைத் தூக்கியவருக்குக் கிடைக்கும் சலுகையே தண்டனை மாதிரிதான்.

இந்தத் துப்பாக்கியில் கடைசியாக நான் எப்போது கை தூக்கினேன்? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

ஆரின் வந்து பார்த்தார். அவர்தான் எங்கள் அணித் தலைவர், மட் கிரீக் கிளப்பில் அவர் சொல்வதுதான் சட்டம். துப்பாக்கியைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"ஏம்மா நேடீன், மணிக்கட்டு தொய்யுது பாரு. நீ கெட்டியா பிடிச்சாத்தான் அது பின்னால போய்த் திரும்பி வந்து மூடும். பொம்பளைங்களுக்கு இது வழக்கமா வர்றதுதான்."

பக்கத்து மேடையில் இருந்த ஸ்டாஷ் கண்ணடித்தான். "அக்கா, நிறைய கீரை சாப்பிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டெலும் சிரித்தான்! அவன் சிரித்ததைத்தான் மறக்க மாட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

சர்ச் முடிந்து வரும்போது வண்டியில் சொன்னேன், புஷ் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்று.

"இறுக்கமா இருக்கத்தானே மாட்டினேன்? நீ ஊர்ல இல்லாதப்ப அம்பது தோட்டா போட்டுப் பார்த்தேன். ஒண்ணுகூட சிக்கல. என் துப்பாக்கிலயும் அதே புஷ்தான், ரெண்டு வருஷமா தொந்தரவு இல்ல. எனக்கு ஓடுது, உனக்கு ஓடல. அப்ப எதுல கோளாறு, நீயே சொல்லு."

வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை வெட்டிய வெட்டில் பலகை பிளந்திருக்கும்.

மே 2, சனி

இன்று இரண்டு தடவை கை தூக்கினேன். ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் மறுபடி சுட விடுவார்கள். இரண்டாவது தடவை சுட்டது போதும் என்று எண்ணிவிட்டார்கள். மூன்று தோட்டாவுக்குப் பூஜ்யம்.

ஆரின் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். ஜூலையில் ஏரிக்கரையில் நடக்கும் பெரிய போட்டிக்கு நான்கு பேர் போகலாம். நான்கு இடத்தில் இரண்டு ஏற்கெனவே முடிந்துவிட்டது, ஆரினும் ஸ்டாஷும். மூன்றாவது ஆள் பீட், கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் பத்தில் விழும். நான்காவது இடத்துக்கு நானும் வெண்டெலும். ஜூனில் மூன்று சனிக்கிழமை சுட்டுப் பார்த்து முடிவு செய்வாராம்.

ஆறு வருடமாக வரிசையில் நிற்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு காரணம். போன வருடம் ஒரே ஒரு புள்ளியில் போனது. இந்த வருடம் போகாவிட்டால் அப்புறம் யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்? எனக்கும் ஐம்பத்தெட்டாகிறது.

நான் போகவில்லையென்றால் வெண்டெல் போவான்.

மே 3, ஞாயிறு

வேண்டுமென்றே செய்தானா?

மே 5, செவ்வாய்

இருபத்திரண்டு வருடமாகக் கறிக்கடையில் எலும்பு நீக்குகிறேன். இன்று மட்டும் ஒரு வண்டிப் பன்றித் தொடை. ஒவ்வொன்றையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, திருப்பி, மூட்டைப் பார்த்துக் கத்தி விட வேண்டும். மணிக்கட்டு தொய்கிறதாம்! ஆரின் வந்து ஒரே ஒரு தொடையைப் பிரித்துக் காட்டட்டும், நான் துப்பாக்கியை விற்றுவிட்டுப் பின்னல் வேலை கற்றுக்கொள்கிறேன்.

சாயங்காலம் வெண்டெல் சோபாவில் உட்கார்ந்து கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். வீடெல்லாம் நெடி. என்ன என்றேன். தோள் வலி என்றான். தோள் வலிக்கு யாராவது கையில் தேய்ப்பார்களா? கேட்கவில்லை. அவனோடு பேசுவதே தேவைக்கு மட்டும்தான் இப்போது.

மே 9, சனி

பெக்கிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பெக் எங்கள் சுடுதளத்தில் கட்டளை சொல்கிறவள். அவள் குரலுக்கு ஏரி வாத்தெல்லாம் பறந்துவிடும். முழுசும் கேட்டுவிட்டு, "அழுறியா கோவப்படுறியா, முதல்ல அதைச் சொல்லுடி," என்றாள்.

"கோவம்தான்."

"நல்லது. கோவம்னா செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டு வா. கிளப் இரும்புப் பிடி ஷெட்டுல துருப்பிடிச்சுக் கெடக்கு. துப்பாக்கியை அதுல பூட்டிச் சுடலாம். இரும்புக்கு மணிக்கட்டு கெடையாதுல்ல?"

எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

மே 12, செவ்வாய்

நானும் பெக்கும் மட்டும். காற்று இல்லை. ஐம்பது கஜத்தில் அட்டை. இரும்புப் பிடியை சிமென்ட் மேடையில் முடுக்கி, துப்பாக்கியை அதில் பூட்டினோம்.

முதலில் வெண்டெலின் புது புஷ், என் தோட்டா. நான் போடுவது வெடிமருந்து குறைவான மெல்லிசு தோட்டா. பாதி கிளப் அதைத்தான் போடுகிறது. அதற்கேற்ற மெல்லிசு ஸ்பிரிங்தான் உள்ளே இருக்கிறது. நாலாவதில் சிக்கிற்று! அதே நகக்கனம் இடைவெளி. பெக் இரும்புப் பிடியைத் தட்டிக்கொடுத்து, "கீரை சாப்பிடுடி தங்கம்," என்றாள். எவ்வளவு நாள் கழித்துச் சிரித்தேன்!

அப்புறம் வெண்டெல் தானே மருந்து நிரப்பித் தயாரிக்கிற தோட்டா. இரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவன் இன்னும் கரடி வருகிற மாதிரிதான் மருந்து போடுவான். அதையும் அவனுடைய கெட்டி ஸ்பிரிங்கையும் போட்டுச் சுட்டோம். ஒன்றுகூட சிக்கவில்லை.

கடைசியாக டின்னிலிருந்து எடுத்துப்போன என் பழைய புஷ், என் ஸ்பிரிங், என் தோட்டா. வெண்ணெய் மாதிரி ஓடிற்று.

ஆக, விஷயம் இதுதான். குழல் சுடும்போது பின்னால் போய்க் கொஞ்சம் சாய்ந்து இறங்கித் திரும்பி வர வேண்டும். இறுக்கமான புஷ்ஷுக்குள் சாய இடமில்லை, உராய்கிறது. கெட்டித் தோட்டாவும் கெட்டி ஸ்பிரிங்கும் அதை இழுத்துத் தள்ளிவிடும். என்னுடையவற்றால் முடியாது. அவன் ஐம்பது சுட்டுப் பார்த்தேன் என்றானே, பார்த்தான்தான். தன் ஸ்பிரிங்கைப் போட்டு, தன் தோட்டாவைப் போட்டுப் பார்த்திருக்கிறான்.

ஒன்றை எழுதாமல் விட்டால் நானும் அவர்களைப் போல ஆகிவிடுவேன். அட்டைகளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழைய புஷ்ஷில் சுட்ட ஓட்டைகளை மூட ஒரு காபித் தட்டு வேண்டும். புது புஷ்ஷில் ஜாம் பாட்டில் மூடி போதும். ஓடுகிற வரைக்கும் அது நன்றாகத்தான் சுடுகிறது. கடவுளே, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

"அதனால என்ன," என்றாள் பெக். "நீ கையில பிடிச்சு சுட்டா சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விழும். தட்டுக்குள்ள காபித் தட்டு இருந்தா என்ன, மூடி இருந்தா என்ன?"

என் கை ஆடுகிற ஆட்டத்தைச் சொல்கிறாள். உண்மைதான். அவள் சொன்னால் கோபம் வரவில்லை.

மே 13, புதன்

வேண்டுமென்று செய்யவில்லை. அது தெரிந்ததும் மனசு ஆறும் என்று நினைத்தேன். இல்லை, இன்னும் கூடத்தான் எரிகிறது. கெடுக்க நினைத்தவனாவது என்னைப் பற்றிக் கொஞ்சம் நினைத்திருப்பான். இவனுக்கு நான் வேறு தோட்டா போடுகிறவள் என்பதே ஞாபகத்துக்கு வரவில்லை! இருபத்தொன்பது வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து தோட்டா நிரப்புகிறோம்.

மே 16, சனி

சொல்லிப் பார்த்தேன். அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஆரின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அட, பாரு, புது புஷ்ல எவ்வளவு சின்னதா விழுந்திருக்கு! வெண்டெல் செஞ்சது சரிதானே?"

"சிக்குது ஆரின். இரும்புலயே சிக்குது."

"அந்தப் பிடி துருப்பிடிச்சதும்மா. சரியா முடுக்கியிருக்க மாட்டீங்க, ரெண்டு பேரும் பொம்பளைங்க."

வெண்டெல் சமாதானம் பேசுகிற குரலில், "மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடேன் நேடீன், சரியாப் போயிடும்," என்றான்.

நான் மாற வேண்டுமாம். என் தோட்டா மாற வேண்டும், ஸ்பிரிங் மாற வேண்டும், மணிக்கட்டு மாற வேண்டும். அவன் மாட்டிய அந்த ஒரு வளையம் மட்டும் அசையக் கூடாது.

போதும். இனி எவனிடமும் எதையும் சொல்லப்போவதில்லை.

மே 17, ஞாயிறு

வெண்டெல் புல் வெட்டப் போயிருந்தபோது பழைய புஷ்ஷை மாட்டினேன். புதியதைப் பழைய காலுறையில் சுற்றிக் கறிக்கடை ஏப்ரன் பையில் வைத்திருக்கிறேன். இரண்டும் கறுப்புதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒருத்தனுக்கும் தெரியாது.

ஜூன் 6, சனி

ஒரு தடவை கூடக் கை தூக்கவில்லை. வெண்டெல் என்னைவிட நான்கு புள்ளி அதிகம்.

ஜூன் 13, சனி

மழை. தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுகச் சுட்டோம். இன்று நான் ஆறு புள்ளி அதிகம். மொத்தத்தில் இரண்டு முன்னால் இருக்கிறேன். திரும்பி வரும்போது வண்டியில் ரேடியோ மட்டும்தான் பேசியது.

வாரத்தில் நான்கு நாள் வேலை முடிந்து வந்து, சமையலறைச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டி வைத்துத் தோட்டா இல்லாமல் குறி பார்க்கிறேன். கோபத்தில் சுடக் கூடாது என்பார்கள். எனக்கென்னவோ கை நிற்கிறது.

ஜூன் 20, சனி

ஏரிப் பூச்சி வந்துவிட்டது. மழைக்குப் பின் ஈசல் மாதிரிக் கோடிக்கணக்கில். மேடை, அட்டை, தொப்பி, காபிக்குள் எல்லாம் பூச்சி. காலை வைத்தால் நொறுங்குகிறது. என் துப்பாக்கியில் குறி பார்க்கிற முன்முனையிலேயே ஒன்று வந்து உட்கார்ந்தது. ஊதிவிட்டுச் சுட்டேன், பத்து.

இன்று என்ன ஆயிற்று என்று எனக்கே புரியவில்லை. எது எடுத்தாலும் நடுவில் விழுந்தது. சிக்குமோ சிக்குமோ என்று பயந்து சுட்ட நாளெல்லாம் போய், விசையை மட்டும் நினைத்துச் சுட்டேன். என் வாழ்நாளிலேயே அதிகமான புள்ளி. வெண்டெலைவிடப் பதினொன்று அதிகம்.

ஆரின் அட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு துப்புரவு மேஜைக்கு வந்தார். என் கையைக் குலுக்குவார் என்று நினைத்தால், வெண்டெலின் முதுகில் தட்டினார்!

"பாத்தீங்களா எல்லாரும்? புஷ்! நான் அன்னைக்கே சொன்னேன்ல? இப்பதான் பழகியிருக்கு. வெண்டெல், இந்தம்மாவை ஏரிக்கரைக்கு அனுப்புறது நீதான்யா."

"எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கேன், திங்கக்கிழமை வந்துடும்," என்றான் ஸ்டாஷ்.

வெண்டெல் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு நின்றான். தோற்றுப்போனவன் நின்ற நிற்பு இல்லை அது. என்னைப் பெற்றெடுத்தவன் மாதிரி நின்றான். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

எல்லாரும் துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்க உட்கார்ந்தோம். ஆரின் தன் புஷ் ஸ்பேனரை என் பக்கம் நீட்டினார். "இந்தாம்மா. அது விரலுக்கு அசையாது."

ஸ்பேனரை வாங்கினேன். மேஜையில் வைத்தேன். துப்பாக்கியைத் தூக்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் திருப்பினேன்.

கழன்று வந்தது. அதை ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தேன். மேஜையில் கொஞ்சம் உருண்டு நின்றது.

அந்த மேஜையில் இருந்த அத்தனை பேரும் இதே ரகத் துப்பாக்கியைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறவர்கள், ஒரு வார்த்தை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துடைக்கக் கட்டியிருந்த கறிக்கடை ஏப்ரனின் பையிலிருந்து காலுறையை எடுத்து, புதியதை வெண்டெல் முன்னால் வைத்தேன்.

"மே மாசத்துலேர்ந்து இது என் பையிலதான் இருக்கு."

முதலில் சிரித்தது ஸ்டாஷ். "ஆரின், திங்கக்கிழமை வர்றதைத் திருப்பி அனுப்பினா காசு குடுப்பானா?"

பெக் தூரத்திலிருந்து விசில் ஊதினாள். சுடுதளத்தில் ஒருவரும் இல்லை, சும்மா ஊதினாள். ஆரின் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பெயர் எழுதுகிற அட்டையில் நான்காவதாக என் பெயரை எழுதினார். மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

ஜூன் 21, ஞாயிறு

நேற்று வண்டியில் பாதி தூரம் வந்த பிறகுதான் வெண்டெல் பேசினான். கண்ணாடியெல்லாம் பூச்சி நசுங்கி வழி தெரியவில்லை, மெதுவாகத்தான் ஓட்டினான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன். அட்டையோட சொன்னேன். மருந்தைக் கூட்டுன்னே."

"நாலு பேர் முன்னாடி—"

"நாலு பேர் முன்னாடிதான் நீ சிரிச்சே."

வைப்பரைப் போட்டான். பூச்சி இன்னும் அப்பிக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சாவியைத் திருப்பவில்லை.

"நல்லா இருக்கும்னு நெனச்சுத்தான் செஞ்சேன் நேடீன்."

"தெரியும். அதான் இன்னும் கோவம்."

சாரி என்று சொல்லவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து முந்தின நாள் மீன் வறுவலைச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

ஜூன் 25, வியாழன்

தைல நெடி. இன்று வெண்டெல் வெளிப்படையாகவே மணிக்கட்டில் தேய்த்தான்.

ஜூலை 5, ஞாயிறு

போட்டிக்கு இன்னும் ஒரு வாரம். காபித் தட்டா ஜாம் மூடியா என்று பெக் கேட்டது மண்டையில் குடைந்துகொண்டே இருக்கிறது. இப்போதெல்லாம் என் கை முன்னைவிட நிற்கிறது, மூடி இருந்தால் நல்லதுதானே? அந்தப் புது புஷ் மேல் எனக்கு என்ன பகை? மதியம் காபி டின்னில் கிடந்த அதை எடுத்துவந்து சமையலறை மேஜையில் வைத்து, ஒரு மரக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி உள்பக்கம் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி கழற்றித் தேய்ப்பது. என் ஸ்பிரிங்குக்குத் தானாக மூடுகிற வரைக்கும். அதற்கு மேல் ஒரு இழுப்பு கூட இல்லை.

பின்னால் வெண்டெல் வந்து நின்றது தெரிந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்லட்டும், குச்சியாலேயே அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே தேய்த்தேன்.

"உன் தோட்டால ஒரு பெட்டி குடுப்பியா?" என்றான்.

"எதுக்கு?"

முதுகுக்குப் பின்னாலிருந்து வலது கையைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"என் மருந்து தாங்கல. குளிர்காலத்துலேர்ந்தே வலி."

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவு இருந்தது! ஏப்ரலிலிருந்து சேர்த்து வைத்தது. கீரை வரைக்கும் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். எளிதாக இல்லை.

"என் தோட்டா உன் துப்பாக்கில சிக்கும்," என்றேன். "போய் உன்னோட புஷ்ஷைக் கழட்டிக் கொண்டு வா."

பட்டறையில் ஸ்பேனர் உருட்டும் சத்தம் கேட்டது. கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். குச்சியில் புதுத் தாள் சுற்றினேன். அவன் புஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவனே இழைத்தது. ஒரு கீறல் இல்லை, வேலை சுத்தம். அவன் முகத்தைப் பார்த்தேன்.

"தேய்க்கட்டுமா?"

"தேய்," என்றான்.

கேட்பதற்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.